கணக்கில் சேராத ராஜா

இங்கிலாந்து ராஜாக்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இரண்டாம் ஹென்றி இருக்கிறார். 1154 முதல் 1189 வரை ஆண்டவர். மூன்றாம் ஹென்றி இருக்கிறார். 1216-இல் பட்டத்துக்கு வந்தவர், இரண்டாம் ஹென்றியின் பேரன். இந்த இருவருக்கும் நடுவில் இன்னொரு ஹென்றி உண்டு. முறைப்படி அபிஷேகம் ஆகி, தலையில் கிரீடம் வைக்கப்பட்டவன். அதுவும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை. பதின்மூன்று வருடம் அவனை எல்லோரும் ராஜா என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் பட்டியலில் அவனுக்கு எண் கிடையாது. 'இளைய ராஜா ஹென்றி' என்று தனியாக ஒதுக்கி எழுதிவிட்டார்கள்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் இங்கிலாந்து ராஜாக்கள் வருவார்கள். ஆனால் பிரான்ஸ் ராஜாவுக்குத் தொந்தரவு கொடுப்பவர்களாக மட்டும்தான் வருவார்கள். ரிஷார் கேர் தெ லியோன் என்று சிங்க இதயம் கொண்ட ரிச்சர்டும், ழான் சான் தேர் என்று நிலமில்லாத ஜானும் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகம். அந்த இருவருக்கும் மூத்த அண்ணன்தான் இந்த ஹென்றி. அவனைப் பற்றிப் பாடத்தில் இரண்டு வரி கூட இருக்காது. ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்து இவன் கதையைத் தேடிப் படித்தபோது, நிலமில்லாதவன் என்ற பட்டம் தம்பி ஜானை விட இவனுக்குத்தான் பொருந்தும் என்று தோன்றியது.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யார் யாருடன் சண்டை போட்டார்கள் என்பது குழம்பிப் போகும்.

தகப்பன் இரண்டாம் ஹென்றி. தாய் வழியில் இங்கிலாந்தும் நார்மண்டியும், தகப்பன் வழியில் ஆன்ழூவும் அவருக்கு வந்தன. 1152-இல் அவர் கல்யாணம் செய்துகொண்ட எலினோர், தென்மேற்கு பிரான்சில் அக்கித்தேன் என்ற பெரிய நாட்டுக்கு உரியவர். ஆக, ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனே மலை வரை ஒரே மனிதர் கையில் வந்துவிட்டது. பேச்சு, பாட்டு எல்லாம் பிரெஞ்சுதான். இவரை இங்கிலாந்து ராஜா என்று சொல்கிறோமே தவிர, வாழ்நாளில் பாதிக்கு மேல் பிரான்ஸ் மண்ணில்தான் இருந்தார், இறந்ததும் அங்கேதான்.

எலினோருக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் யார் என்றால் பிரான்ஸ் ராஜா ஏழாம் லூயி. அந்தக் கல்யாணம் செல்லாது என்று மார்ச் மாதம் சபை தீர்ப்பு சொன்னது. மே மாதம் எலினோர் ஹென்றியைக் கட்டிக்கொண்டார். லூயியும் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்த இரண்டாவது மனைவிக்குப் பிறந்த பெண் மார்கரெட். 1155-இல் பிறந்த நம் ஹென்றிக்கு மூன்று வயதானபோது, கைக்குழந்தையான இந்த மார்கரெட்டை நிச்சயம் செய்தார்கள். அம்மாவின் முதல் கணவரே பையனுக்கு மாமனார்!

இது ஆசைக்காகச் செய்த சம்பந்தம் அல்ல. நார்மண்டிக்கும் பாரீசுக்கும் நடுவில் வெக்சான் என்றொரு பகுதி. ழிசோர் முதலிய கோட்டைகள் அங்கே இருந்தன. அதுதான் பெண்ணுக்குச் சீதனம். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆகும் வரை கோட்டைகளை மூன்றாம் ஆட்களான டெம்ப்ளர் வீரத் துறவிகள் வைத்திருப்பது என்று ஏற்பாடு. ஆனால் 1160 நவம்பரில் ஹென்றி, ஐந்து வயது மகனுக்கும் மூன்று வயது கூட நிரம்பாத பெண்ணுக்கும் அவசரமாகக் கல்யாணத்தை முடித்து, கல்யாணம்தான் ஆகிவிட்டதே என்று கோட்டைகளை வாங்கிக்கொண்டார். பையனின் பெயரில் நடந்த முதல் காரியம் இது. பெயர் அவனுடையது, கோட்டை தகப்பனுடையது. பிறகும் அப்படியே நடந்தது.

இனி, தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு ஏன் முடிசூட்டினார் என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் அது வழக்கமே இல்லை. பிரான்சில் உண்டு. 987-இல் யூக் கப்பே பட்டத்துக்கு வந்த கையோடு மகன் ரொபேருக்கும் முடிசூட்டி வைத்தார். அவர் வம்சத்தில் அது பழக்கமாகிவிட்டது. ராஜா கண்ணை மூடும்போது அடுத்தவன் ஏற்கெனவே ராஜாவாக இருப்பான், சண்டைக்கு இடமில்லை.

ஹென்றிக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டதற்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருந்தது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் முதலாம் ஹென்றிக்கு முறையான ஆண் பிள்ளை ஒருவன்தான். 1120 நவம்பரில் 'வெள்ளைக் கப்பல்' நார்மண்டிக் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியபோது அந்தப் பிள்ளை போய்விட்டான். மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களிடம் பாட்டனார் சத்தியம் வாங்கினார். அவர் இறந்ததும் சத்தியம் காற்றில் போனது. மருமகன் முறையான ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடிக்கொண்டார். அதிலிருந்து ஏறக்குறைய பதினெட்டு வருடம் உள்நாட்டுச் சண்டை. மட்டில்டாவின் மகன்தான் நம் இரண்டாம் ஹென்றி. அந்தச் சண்டைக்குள்ளேயே வளர்ந்தவர். சூடு கண்ட பூனை என்று சொல்வார்களே, அப்படி. தன் பிள்ளைகள் காலத்தில் அது நடக்கக்கூடாது என்று அவர் நினைத்ததில் தவறே இல்லை.

1170 ஜூன் 14 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு நடந்தது. பையனுக்குப் பதினைந்து வயது. நோக்கம் நல்லது, ஆனால் நடத்திய விதத்தில் இரண்டு பேருக்கு அவமானம்.

ஒருவர் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட். முடிசூட்டும் உரிமை கேன்டர்பரிக்குத்தான். பெக்கெட் அப்போது ராஜாவுடன் மனஸ்தாபம் கொண்டு பிரான்சில் இருந்தார். அவரை விட்டுவிட்டு யார்க் பேராயர் ரோஜரை வைத்துச் சடங்கை முடித்துவிட்டார்கள். சிறு வயதில் இந்தப் பையன் பெக்கெட்டின் வீட்டில்தான் வளர்ந்தான் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் பங்கெடுத்த ஆயர்களைப் பெக்கெட் சபை நீக்கம் முதலிய தண்டனைக்கு உள்ளாக்கினார். அந்தச் செய்தி கேட்டு ராஜா கொதித்துப் பேசிய பேச்சை நம்பித்தான் நான்கு வீரர்கள் கிளம்பிப் போய், 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி ஆலயத்துக்குள் பெக்கெட்டை வெட்டிக் கொன்றார்கள். ரிச்சர்ட் பர்ட்டனும் பீட்டர் ஓ டூலும் நடித்த 'பெக்கெட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தக் கொலைக்கு முந்தைய படி இந்தப் பையனின் முடிசூட்டு.

இன்னொருவர் மாமனார் லூயி. மாப்பிள்ளைக்கு முடிசூட்டியவர்கள் மார்கரெட்டை விட்டுவிட்டார்கள். லூயி கோபப்பட்டார். கடைசியில் 1172 ஆகஸ்டில் வின்செஸ்டரில் ரூவான் பேராயரை வைத்து, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து மறுபடியும் ஒரு முடிசூட்டு நடத்த வேண்டியதாயிற்று. இரண்டு முறை என்று சொன்னது இதுதான்.

முதல் விருந்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தகப்பனே மகனுக்குப் பரிமாறினாராம். இப்படி ஒரு பரிசாரகர் உலகத்தில் எந்த ராஜாவுக்கும் கிடைக்கமாட்டார் என்று பேராயர் சொல்ல, பிரபுவின் மகன் ராஜாவின் மகனுக்குப் பரிமாறுவதில் என்ன அதிசயம் என்று பையன் கேட்டானாம். தகப்பனின் தகப்பன் வெறும் ஆன்ழூ பிரபு. தன் தகப்பனோ ராஜா. கணக்கு சரிதான். கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொன்னவர்கள் அந்த வீட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

இப்போது பையன் ராஜா. அவனுக்கு முத்திரை உண்டு, பரிவாரம் உண்டு, மனைவிக்கு ராணி என்ற பெயர் உண்டு. சண்டைப் பயிற்சிக்கு வில்லியம் மார்ஷல் என்ற வீரர் துணைக்கு வந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தையே காப்பாற்றிய பெரிய மனிதர் அவர். ஆனால் ஓர் ஊர் நிலவரியாவது நேராக அவன் பெட்டிக்கு வருமா என்றால் வராது. செலவுக்குத் தகப்பன் கொடுக்க வேண்டும். தெலுங்கில் 'பேரு பெத்த பேரு, தாக நீளு லேது' என்பார்கள். நம் பக்கத்திலும் அதை அப்படியே சொல்வதுண்டு. பெயர் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

நான் வருடக்கணக்கில் சர்க்கார் ஆபீசில் கோப்பு பார்த்தவன். அங்கே 'பொறுப்பு அதிகாரி' என்று ஒருவரை உட்கார வைப்பார்கள். மேசை அவருடையது, பெயர்ப் பலகை அவருடையது, வணக்கம் அவருக்கு. ஆனால் பணப் பட்டியலில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கும். ஒரு பியூனை இடம் மாற்றக்கூட மேலே எழுதிக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு அது தாங்கும். அப்படியே வருடக்கணக்கில் விட்டால் நல்ல மனிதர் கூடக் குணம் மாறிவிடுவார். அந்த அனுபவத்தோடு படித்ததால்தான் இளைய ஹென்றியின் நிலைமை எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

பையன் ஒன்றும் சிக்கனக்காரன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1171 கிறிஸ்துமசுக்கு பேயோ நகரத்தின் பக்கத்தில் அவன் கொடுத்த விருந்தில், வில்லியம் என்று பெயர் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் வெளியே போகலாம் என்று விளையாட்டாகச் சொன்னார்களாம். அப்படியும் ஒரே அறையில் நூறு வில்லியம்களுக்கு மேல் மிஞ்சினார்கள் என்று ரொபேர் என்ற மடத்துத் தலைவர் எழுதி வைத்திருக்கிறார். நூறு வில்லியம் என்றால் மொத்தம் எத்தனை இலை போட்டிருப்பார்கள்! இப்படிப்பட்டவன் கையில் ஒரு நாட்டு வருமானத்தைக் கொடுக்கத் தகப்பன் தயங்கியதும் நியாயம்தான்.

தம்பிகள் நிலைமை வேறு. ரிச்சர்டுக்குத் தாயின் அக்கித்தேன். ஜெஃப்ரிக்கு, நிச்சயம் செய்த பெண்ணின் வழியாகப் பிரித்தானி நாடு. அவர்களும் தகப்பன் பிடியில்தான் இருந்தார்கள். இருந்தாலும் சுட்டிக்காட்ட ஒரு மண் இருந்தது. மூத்தவனுக்கு இங்கிலாந்து, நார்மண்டி, ஆன்ழூ மூன்றும் என்றார்கள். மூன்றையும் தகப்பன் தானே ஆண்டுகொண்டிருந்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது கூட ஆகவில்லை.

1173 பிப்ரவரியில் வெடித்தது. கடைக்குட்டி ஜானுக்கு, ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களை வைத்திருந்த மோரியேன் பிரபுவின் பெண்ணை நிச்சயம் செய்தார் தகப்பன். மாப்பிள்ளைக்கு என்ன நிலம் இருக்கிறது என்று பெண் வீட்டார் கேட்டார்கள். ஷினோன், லூதான், மிரபோ ஆகிய மூன்று கோட்டைகளைக் கொடுக்கிறேன் என்றார் ராஜா. மூன்றும் ஆன்ழூ வம்சத்துச் சொத்து, மூத்தவனுக்கு என்று சொல்லி வைத்திருந்த பங்கு. பதினெட்டு வயது 'ராஜா' கையில் ஒரு கோட்டை கூட இல்லாதபோது, பால் மணம் மாறாத தம்பிக்கு மூன்று. மூத்தவன் சம்மதிக்க மறுத்தான். இங்கிலாந்து, நார்மண்டி, ஆன்ழூ மூன்றில் ஒன்றையாவது என் கையில் கொடுங்கள் என்று கேட்டான். தகப்பன் கொடுக்கவில்லை. அதோடு நிற்காமல், பையனைக் கெடுக்கிறார்கள் என்று அவனுடைய பரிவாரத்திலிருந்து சில வீரர்களை விலக்கினார். இது பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது. பணத்தைக் கொடுக்காதது ஒரு பக்கம். ஒருவனுடைய ஆட்களை அவனைக் கேட்காமல் மாற்றினால், நீ ஒன்றுமில்லை என்று ஊர் அறியச் சொன்னதாக ஆகிவிடும்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு, ஷினோன் கோட்டையில் தகப்பனுடன் தங்கியிருந்த மகன் நழுவினான். பேச்சுக்குக் காரணமான மூன்று கோட்டைகளில் அதுவும் ஒன்று. குதிரையை விரட்டிக்கொண்டு மாமனார் லூயியிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு ரிச்சர்டும் ஜெஃப்ரியும் போனார்கள். ஒருவனுக்குப் பதினைந்து, ஒருவனுக்குப் பதினாலு. எலினோரும் பிள்ளைகள் பக்கம் போகக் கிளம்பினார். ஆண் உடையில் போகும்போது வழியில் பிடிபட்டார் என்று கேன்டர்பரி துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். அன்று காவலில் போன ராணி, கணவர் சாகும் வரை விடுதலை ஆகவில்லை. ஏறக்குறைய பதினாறு வருடம்.

மகனைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஹென்றியின் தூதர்கள் லூயியிடம் போனார்களாம். யார் கேட்கிறார் என்றாராம் லூயி. இங்கிலாந்து ராஜா என்று தூதர்கள் சொன்னதும், இங்கிலாந்து ராஜா இதோ என் பக்கத்தில் அல்லவா இருக்கிறார் என்று கேட்டு மடக்கினாராம். மகனுக்கு முடிசூட்டிய தகப்பன் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தானே எழுதிக் கொடுத்த பத்திரத்தை எதிராளி கோர்ட்டில் நீட்டினது போல ஆயிற்று.

லூயி மாப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு முத்திரை செய்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பையன் தன்னிடம் இல்லாத நிலத்தையெல்லாம் எழுதிக் கொடுத்தான். பிளாண்டர்ஸ் பிரபு பிலிப்புக்கு டோவர் கோட்டையோடு கென்ட் பகுதி. ஸ்காட்லாந்து ராஜா வில்லியமுக்கு நார்த்தம்பர்லாந்து. புளுவா பிரபுவுக்கு அம்புவாஸ் கோட்டை. சுயமாகக் கையெழுத்துப் போடும் உரிமை வந்ததும் அவன் செய்த முதல் வேலை, தகப்பன் சேர்த்ததைப் பங்கு போட்டதுதான். அவனுக்காக இரக்கப்படுகிறவர்கள் இந்த இடத்தையும் மறைக்கக்கூடாது. அவன் கேட்டது நியாயம், போன வழி நாசம்.

ஒன்றரை வருடம் சண்டை. நார்மண்டியில் வெர்நேய் முற்றுகை தோற்றது. இங்கிலாந்தில் கலகம் செய்த லெஸ்டர் பிரபு 1173 அக்டோபரில் ஃபோர்ன்ஹாம் என்ற இடத்தில் பிடிபட்டார். 1174 ஜூலையில் ஹென்றி கடல் கடந்து இங்கிலாந்து வந்தார். முதலில் போனது போர்க்களத்துக்கு அல்ல, கேன்டர்பரிக்கு. வெறுங்காலோடு நடந்து, பெக்கெட் கல்லறையில் முதுகைக் காட்டித் துறவிகளிடம் பிரம்படி வாங்கிக்கொண்டு, இரவு முழுவதும் அங்கேயே கிடந்தார். மறுநாள் ஜூலை 13, வடக்கே ஆல்னிக் அருகே ஸ்காட்லாந்து ராஜா சிறைப்பட்டார். பெக்கெட் மன்னித்துவிட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஹென்றி திரும்பி வந்து ரூவான் முற்றுகையையும் கலைத்தார்.

செப்டம்பர் 30 அன்று மோன்லூயி என்ற ஊரில் சமாதானம். தகப்பன் மகன்களைத் தண்டிக்கவில்லை. பையன்களைக் கெட்டவர்கள் கெடுத்தார்கள் என்று பழியை மற்றவர்கள் மேல் போட்டார். எந்த ஊர்த் தகப்பனும் அப்படித்தானே சொல்வார். மூத்தவனுக்கு நார்மண்டியில் இரண்டு கோட்டையும், வருடத்துக்கு ஆன்ழூ நாணயத்தில் 15,000 பவுண்டும் ஒதுக்கினார். நான்கு ஆன்ழூ பவுண்டு சேர்ந்தால் ஓர் இங்கிலாந்து பவுண்டு. சின்னத் தொகை அல்ல. ஆனால் அது சம்பளம், ஆட்சி அல்ல. ஜானுக்கோ மூன்று கோட்டைக்குப் பதில் நாட்டிங்ஹாம், மார்ல்பரோ என்று இன்னும் கூடவே கிடைத்தது. எந்தக் காரணத்துக்காகச் சண்டை தொடங்கியதோ அது அப்படியே இருந்தது. ஜானுக்கு நிச்சயம் செய்த அந்தப் பெண் சிறுமியாகவே இறந்துபோனாள், கல்யாணமும் நடக்கவில்லை.

அடுத்த சில வருடம் இளைய ஹென்றி பிரான்ஸ் முழுவதும் டூர்னமென்ட் சுற்றினான். இன்றைய விளையாட்டுப் பந்தயம் மாதிரி அல்ல. இரண்டு பெரும் படைகள் வயல்வெளியில் நிஜமாகவே மோதிக்கொள்ளும். பிடிபட்டவன் குதிரையையும் பணத்தையும் கொடுத்துத்தான் மீள முடியும். நாடு இல்லாத ராஜா அங்கே நிஜ ராஜாவாக இருந்தான். கையிலிருப்பதை அள்ளிக் கொடுப்பவன் என்று பெயர் வாங்கினான். கூடவே இருந்த வில்லியம் மார்ஷலின் வாழ்க்கையைப் பத்தொன்பதாயிரம் வரிக்கு மேல் பழைய பிரெஞ்சில் பாட்டாக எழுதி வைத்தார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பொல் மெயேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் விடாமல் தேடி வெளியே கொண்டுவந்தார். இந்தப் பையனைப் பற்றி நல்ல வார்த்தை நிறையக் கிடைப்பது அதில்தான்.

1179-இல் மச்சினன் பிலிப்புக்கு ரேன்சில் முடிசூட்டு. பதினாலு வயது. அந்த ஊர்வலத்தில் கிரீடத்தை ஏந்திப் போனவன் இளைய ஹென்றி. அடுத்த வருடமே லூயி இறந்தார்; பிலிப் நிஜமாக ஆள ஆரம்பித்தார். தன்னை விடப் பத்து வயது இளையவன் ஆள்கிறான், தான் இன்னும் தகப்பன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிரான்சில் அந்த ஏற்பாடு பலித்ததற்கு இதுவும் ஒரு காரணம்: பிலிப் அதிக நாள் காத்திருக்க நேரவில்லை.

1182-இல் மறுபடியும் நார்மண்டியைக் கேட்டான். மறுபடியும் பணம்தான் கிடைத்தது. ஒரு நாளைக்கு 100 ஆன்ழூ பவுண்டு, மனைவிக்குத் தனியாக 10. எங்கள் பாஷையில் தினப்படி. மனு கொடுத்தவன் பதவி கேட்கிறான், மேலிடம் படியை உயர்த்துகிறது!

அடுத்த சண்டை தம்பியோடு. அக்கித்தேனில் ரிச்சர்டின் கெடுபிடி தாங்காத பிரபுக்கள் அண்ணனை நாடினார்கள். தகப்பன் சமரசமாக, ரிச்சர்ட் அண்ணனுக்குக் கட்டுப்பட்டவனாகச் சத்தியம் செய்யட்டும் என்றார். ரிச்சர்ட் முதலில் மறுத்தார். அவர் சம்மதித்தபோது அண்ணன் மறுத்தான். 1183 தொடக்கத்தில் லிமோழ் நகரத்தில் இளைய ஹென்றியும் ஜெஃப்ரியும் ஒரு பக்கம், தகப்பனும் ரிச்சர்டும் ஒரு பக்கம். சமாதானம் பேச நெருங்கிய தகப்பன் மேல் கோட்டையிலிருந்து அம்பு விட்டார்கள். ஓர் அம்பு மேலாடையைத் துளைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். தகப்பன் தினப்படியை நிறுத்தினார். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. அள்ளிக் கொடுப்பவன் என்று பெயர் வாங்கியவன் லிமோழில் சேன் மார்சியால் மடத்துப் பொக்கிஷத்தை எடுத்தான். பிறகு ரோக்கமதூர் புனிதத்தலத்தையும் சூறையாடினான்.

அங்கிருந்து வந்தவன் மார்த்தேல் என்ற சிற்றூரில் சீதபேதியில் படுத்தான். தகப்பனை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். போக வேண்டாம், இது சூழ்ச்சியாக இருக்கலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்தார்கள். அம்பு வந்த பிறகு யார்தான் நம்புவார்கள்? தகப்பன் போகவில்லை. மன்னித்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு மோதிரத்தை அனுப்பினார். சாம்பல் பரப்பிய தரையில் தன்னைக் கிடத்தச் சொல்லி, தாயை விடுதலை செய்யும்படி தகப்பனைக் கேட்டுக்கொண்டு, 1183 ஜூன் 11 அன்று இறந்தான். வயது 28. ஜெருசலேம் போவதாக எடுத்திருந்த விரதத்தைத் தனக்காக நிறைவேற்றும்படி மார்ஷலிடம் சொல்லியிருந்தான். அவரும் போய் நிறைவேற்றினார்.

சவத்தைக் கொண்டுபோவதிலும் தகராறு. ரூவானில் அடக்கம் செய்யக் கேட்டிருந்தான். வழியில் லெ மான் நகரத்து ஜனங்கள் வாங்கித் தங்கள் கோவிலில் புதைத்துவிட்டார்கள். ரூவான் ஜனங்கள் விடவில்லை. தோண்டி எடுத்து ரூவானுக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு இருந்தபோது ஓர் ஊரும் கிடைக்காதவனுக்காக இரண்டு ஊர்கள் சண்டை போட்டன.

இந்தக் கதையில் என் மனசில் நின்றது கூலிப்படைத் தலைவன் ஒருவனின் கடன் பாக்கி. சம்பளம் வரவேண்டிய அவன், எஜமான் செத்துவிட்டானே என்று மார்ஷலைப் பிடித்து நிறுத்தினான். நூறு மார்க் கொடுத்துவிடுகிறேன் என்று மார்ஷல் ஒப்புக்கொண்டு, விஷயத்தை ராஜாவிடம் சொன்னார். மார்ஷலைப் பற்றிய அந்தப் பழைய பாட்டின்படி, ராஜா பேரம் பேசாமல் அதைத் தானே கட்ட ஒப்புக்கொண்டார். அவன் இதைவிட எவ்வளவோ செலவு வைத்திருக்கிறான், இன்னும் செலவு வைத்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கக்கூடாதா என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். பதின்மூன்று வருடம் கணக்குப் பார்த்துக் கொடுத்த தகப்பன், கணக்குப் பார்க்காமல் கொடுத்த கடைசித் தொகை அது.

பாடம் படித்தாரா? படித்தார், ஆனால் தலைகீழாக. அடுத்த வாரிசு ரிச்சர்ட். அவருக்கு முடிசூட்டவில்லை, வாரிசு என்று வெளிப்படையாக அறிவிக்கக்கூட மாட்டேன் என்றார். அக்கித்தேனை ஜானுக்குக் கொடு என்றும் கேட்டார். ரிச்சர்ட் போய் பிலிப்போடு சேர்ந்துகொண்டார். 1189 ஜூலை 6 அன்று, தோற்று நொந்து, அதே ஷினோனில் ஹென்றி இறந்தார். தன்னை விட்டுப் போனவர்களின் பட்டியலில் ஜானின் பெயரையும் பார்த்தார் என்பார்கள். மூத்தவனுக்குப் பெயரைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அடுத்தவனுக்குப் பெயரையும் கொடுக்கவில்லை. இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டன. முடிசூட்டாததால் அல்ல, முடிசூட்டியதாலும் அல்ல. பிள்ளைகளில் ஒருவனிடமாவது ஒரு துண்டு நாட்டை நிஜமாக ஒப்படைத்து, நீ பார்த்துக்கொள் என்று விட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் எந்த ராஜாவும் உயிரோடு இருக்கும்போது மகனுக்கு முடிசூட்டியதில்லை.

கூப்பிட்ட பிரபுக்களுக்குக் கவிதையால் தூபம் போட்ட பெர்த்ரான் தெ போர்ன் என்ற பாடகரைத் தாந்தே பிற்காலத்தில் தன் நரகத்தில் வைத்தார். தகப்பனையும் மகனையும் பிரித்த குற்றத்துக்காகத் துண்டான தன் தலையைத் தானே கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் தண்டனை. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. பாடகன் ஊதியது நெருப்பை; விறகு அடுக்கியது வீட்டுக்குள்ளேதான்.

ரூவான் பேராலயத்தில் இளைய ஹென்றிக்கு இன்றும் இடம் இருக்கிறது. 1199-இல் இறந்த ரிச்சர்டின் இதயத்தையும் அதே ஆலயத்தில்தான் வைத்தார்கள். லிமோழில் எதிரெதிரே நின்ற அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ். யாராவது பேரப்பிள்ளைகளைப் பார்க்க பிரான்ஸ் போகிறவர்கள் ரூவான் பக்கம் போனால், ரிச்சர்டை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் அந்த மூத்தவனையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்.